நாலு விரற்கடை

தழும்புக்கு வெளிப்பக்கம்
நாலு விரற்கடை அகலம், ஒரு சாண் நீளம்.
அந்த இடம் எனக்குச் சொந்தமில்லை.
பாதத்திலும் பாதி அப்படித்தான்.
தொட்டால் கைக்குத் தெரிகிறது,
காலுக்கு இல்லை.
வேறு யாருடைய முழங்காலையோ
கேட்காமல் தடவுகிற மாதிரி.

நேற்று அதில் ஒரு நுளம்பு இருந்து
வயிறு சிவக்கச் சிவக்கக் குடித்தது.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் அடித்ததும் கோபத்தில் இல்லை,
டெங்குக்குப் பயந்து.

முப்பத்தொரு வருசம்
நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் ஒழுங்கைகளில்
சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் போய்
பிள்ளைகளின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தவள் நான்.
சுண்டினால் காலை இழுக்கும், வீரிடும்.
'நல்லது' என்று கொப்பியில் எழுதுவேன்.
இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில்
பிசியோப் பிள்ளை துசியந்தினி
பேனை மூடியோடு என் காலடியில் நிற்கிறாள்.
'கண்ண மூடுங்க மிசி. கோடு தெரியுதா?'
ஓம் என்றேன்.
அவள் இன்னும் கோடே இழுக்கவில்லையாம்.

பெரிய டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
'மூட்டு அந்தமாதிரி இருந்திருக்கு' என்கிறார்.
உண்மைதான்.
படி ஏறும்போது கேட்ட நறநறப்பு இல்லை.
நரம்பைக் கேட்டால்
'ஆறு மாசம், ஒரு வருசம்.
சிலபேருக்கு அப்படியே.'

இந்த 'அப்படியே'யை
நானும் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன்!
அப்படித்தான் இருக்கும் பிள்ளை, பழகிடும் என்று
அடுத்த வீட்டுக்கு ஸ்கூட்டியைத் திருப்பியிருப்பேன்.

இரவு வேறு கதை.
பகலெல்லாம் செத்துக் கிடந்த இடம்
பத்து மணிக்குப் பிறகு எழும்புகிறது.
போர்வை ஓரம் பட்டால் மிளகாய்.
ஃபேன் காற்றுப் பட்டால் ஊசி.
உணர்ச்சியில்லாத இடம் எப்படி நோகும்?
கணக்கு வாத்தியாராய் இருந்த என் மனிசன் மாசிலாமணி
'சைபரை எதால பெருக்கினாலும் சைபர்தானே கா' என்றார்.
மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன்.
மறுகா நானே எழும்பிப் போய்
கோழிக்குஞ்சு கவிழ்க்கிற கூடையை எடுத்துவந்து
காலுக்கு மேல் கவிழ்த்து
அதற்கு மேல் போர்வையைப் போட்டேன்.
நாலு மணித்தியாலம் நித்திரை.
விடிய அவர் கூடையைத் தூக்கி
'முட்டை ஏதும் கிடக்கா?' என்று பார்த்தார்.

அந்தச் செருப்புச் சங்கதியையும் சொல்ல வேணும்.
நடக்கச் சொன்னார்கள், நடந்தேன்.
கல்லடிப் பழைய பாலம், பின்னேரம் ஐந்தரை.
வாவி புதுத் தகரம் மாதிரி மினுங்கியது.
பாதிப் பாலம் தாண்டியிருப்பேன்,
பின்னால் மீன்காரரின் ரப்பர் ஹோர்ன்.
'மிசி! உங்கட செருப்பு அங்க கிடக்கு!'
குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால்.
எவ்விடத்தில் கழன்றது,
எத்தனை அடி இப்படியே வந்தேன்,
கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் அதைக் கைப்பிடியில் கொளுவிக்கொண்டு வந்தான்.
'என்ர மூத்தவளுக்கு ஊசி போட்டது நீங்கதான்.
ரெண்டு நாள் காய்ச்சல். மனிசி உங்களத் திட்டித் தீர்த்தவள்.'
சிரித்தேன்.
கூடவே வந்த மற்றதை
கம்பியைப் பிடித்துக்கொண்டு
தண்ணீரைப் பார்த்து முடித்தேன்.
செருப்பில் மீன் மணம் இரண்டு நாள் இருந்தது.

இப்போது பின்வார் வைத்த செருப்பு.
ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்கமுன்
துவாய் நுனியால் தொட்டுத் தொட்டு
தெரிகிற இடம் முடிகிற இடத்தில்
நீலப் பேனையால் புள்ளி வைக்கிறேன்.
பிள்ளைகளின் நிறைக்கோடு ஏறுகிறதா என்று பார்த்த கண்
இது இறங்குகிறதா என்று பார்க்கிறது.
மாசியில் நாலு விரல்.
சித்திரையிலும் நாலு.
இந்தக் கிழமை
மூன்றே முக்கால் என்று எழுதினேன்.

மாசிலாமணி கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார்.
'விரலச் சரிச்சுப் பிடிச்சிருக்காய்.'

இருக்கலாம்.
அழிக்கவில்லை.